மிஷின் டிரைவருக்குப் பரோட்டா

என் தம்பி பரிதி அறுத்த வயலில் கோழிக்குக்கூட ஒரு நெல்மணி கிடைக்காது என்று பூதலூர்ப் பக்கம் சொல்வார்கள். சும்மா சொல்லவில்லை. அறுவடை மிஷின் ஓட்டுகிறவர்களில் பல தினுசு உண்டு. அவசரக்காரன் கத்தியைத் தூக்கிப் பிடித்து ஓட்டுவான். சாய்ந்த கதிரெல்லாம் தரையோடு தங்கிவிடும். இன்னொருத்தன் வண்டியை விரட்டுவான். நெல் வைக்கோலோடு சேர்ந்து பின்பக்கமாகப் பறந்துபோகும். பரிதி அந்த ரகம் இல்லை. மழையில் படுத்துவிட்ட பயிர் என்றால் இறங்கி ஒருமுறை வரப்பைச் சுற்றி நடந்து பார்ப்பான். பயிர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, சேறு எங்கே ஆழம் என்று பார்த்துவிட்டுத்தான் ஏறுவான். வயலுக்காரர் நின்று காவல் பார்க்க வேண்டியதே இல்லை.

போன மாசியில் அவன் செத்துப்போனான். நாற்பது வயது நிறையவில்லை. பீடி, சிகரெட், குடி ஒன்றும் கிடையாது. அவனை எது கொன்றது என்று எனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும், வாயைத் திறந்து சொல்லத்தான் ஆளில்லை. நான் சொல்கிறேன். யாருக்குக் கோபம் வந்தாலும் வரட்டும், எனக்கு வந்த கோபத்தில் கால்வாசிகூட இருக்காது.

எங்கள் பக்கத்தில் மிஷின் வாடகை மணிக்கணக்கில் முதலாளிக்குப் போகும். டிரைவருக்குச் சாப்பாடு வயலுக்காரர் பொறுப்பு. எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் மாறாத வழக்கம். டிரைவர் மனசு குளிர்ந்தால்தான் கத்தி தாழ்ந்து ஓடும், நெல் வீணாகாது என்று எல்லோருக்கும் ஒரு கணக்கு. அதனால் அவனுக்கு வீட்டுச் சோறு போடுவதை யாரும் மரியாதையாக நினைப்பதில்லை. சாம்பாரும் பொரியலும் கொண்டுவந்து வைத்தால் கஞ்சன் என்று பெயர் வரும். எனவே காலையில் பூரியும் வடையும், பதினோரு மணிக்குக் கலர் சோடாவும் மிக்சரும், மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் பஜ்ஜி, பொழுது சாய்ந்தால் பைபாஸ் ரோட்டுக் கடைப் பரோட்டா, சால்னா, சிவக்கச் சிவக்கப் பொரித்த கோழி. அந்தக் கடை எண்ணெயின் நிறத்தை நான் பார்த்திருக்கிறேன். மிஷின் எஞ்சினில் மாற்றி ஊற்றும் ஆயில்கூட அதைவிடத் தெளிவாக இருக்கும்.

வயலுக்காரர் யாரும் கெட்டவர் இல்லை. வருஷத்தில் ஒரு நாள், தன் வயலுக்கு வந்தவனுக்கு நன்றாக வாங்கிக் கொடுக்கிறோம் என்றுதான் ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். அவர்களுக்கு அது ஒரு நாள் விருந்து. என் தம்பிக்கு அது தினசரிச் சாப்பாடு. இன்றைக்கு ஒரு வயல், நாளைக்கு இன்னொரு வயல். இங்கே அறுப்பு ஓய்ந்தால் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு ஆரணிப் பக்கம், அங்கே முடிந்தால் நெல்லூர். போகிற இடமெல்லாம் இதே விருந்து. ஊருக்கெல்லாம் நெல் அறுத்துக் கொடுத்த பிள்ளை, சீசன் நேரத்தில் சூடாக ஒரு தட்டுச் சோறு, ஒரு கைப்பிடி கீரை சாப்பிட்டதில்லை.

முதல் தடவை நெஞ்சுவலி வந்தது குறுவை அறுப்பில், புரட்டாசிக் கடைசியில். தாடையெல்லாம் இழுக்கிறது, முதுகு வலிக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது என்று வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியிருக்கிறான். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு வைத்தியம். நெல் தூசி உடம்பில் ஒட்டி அரிக்கும் சுணைதான் என்று ஒருவர் அவனை மோட்டார் தண்ணீரில் கொண்டுபோய்க் குளிக்க வைத்தார். இன்னொருவர் கேஸ் என்று இஞ்சி சோடா உடைத்துக் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு இவன் மறுபடி மேலே ஏறி மிச்சமிருந்த மூலையையும் அறுத்து முடித்திருக்கிறான். வயலுக்காரர் சந்தோஷமாக வழியனுப்பினார். வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். அவன் மனைவி கயல்விழி அலறின அலறலில் அடுத்த தெருவில் துணி தைத்துக்கொண்டிருந்த நான் தையல் மிஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

தஞ்சாவூரில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் சின்ன வயதுக்காரர்தான், பொறுமையாகப் பேசினார். என்ன சாப்பிடுவார் என்று கேட்டார். கயல்விழி சொல்லச் சொல்ல அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இது இவர் ஒருத்தர் கதை இல்லைங்க. உலகம் பூரா இப்ப இதே கதைதான். உப்பு, சர்க்கரை, மைதா, திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெய். அதோட காய், பழம், பருப்பு, கடலை எல்லாம் குறைஞ்சு போச்சு. இதய நோய் வர்றதுக்குப் பெரிய காரணத்துல சாப்பாடும் ஒண்ணு. முன்னாடி அறுபது வயசுல வந்தாங்க. இப்ப லாரி ஓட்டுறவரு, டெலிவரிக்குப் போறவரு, மிஷின் ஓட்டுறவருன்னு சின்ன வயசுலயே வர்றாங்க."

"இனிமே அரிசிச் சோறே கூடாதுங்களா?" என்று நான் கேட்டேன்.

"சாப்பிடலாம்மா. குவிச்சு வச்சுச் சாப்பிடாம, சோத்தைக் குறைச்சுக் காயைக் கூட்டுங்க. வெள்ளை வெளேர்னு தீட்டின அரிசி வேண்டாம். ஊறுகாய், அப்பளம் வேண்டாம். வெளியில வாங்கின எதுவும் வேண்டாம். முக்கியமா அந்தப் பரோட்டாக் கடைப் பக்கமே போகக் கூடாது."

பரிதி படுத்தபடியே சிரித்தான். "நான் எங்கங்க டாக்டர் போறேன்? அதுதான் என்னைத் தேடி வருது."

அவனைச் சிரிக்காதே என்று அதட்டினேன். ஆனால் அவன் சொன்னதுதான் நிஜம். கடைக்குப் போவதை நிறுத்தலாம். மரியாதை என்ற பெயரில் கையில் கொண்டுவந்து திணிப்பதை எப்படி நிறுத்துவது?

மார்கழி வரைக்கும் வீட்டில் இருந்தான். அந்த நாட்களில் அவன் உடம்பு நன்றாகவே தேறியது. கயல்விழி ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. பாசிப்பயறு, முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, புடலங்காய், குழம்பில் பாதி உப்பு, இரண்டு கொய்யாப்பழம். இவன் குறை சொல்லாமல் தட்டை வழித்துச் சாப்பிட்டான். சின்ன வயதிலேயே அப்படித்தான். நாங்கள் கூடப்பிறந்தவர்கள் எல்லாம் கீரையைப் பார்த்து முகம் சுளிப்போம், இவன் எங்கள் பங்கையும் சேர்த்து வாங்கிக்கொள்வான். மாடு என்று கேலி செய்வோம்.

தை பிறந்து சம்பா அறுப்பு தொடங்கியதும் மிஷின் முதலாளி ஆள் அனுப்பினார். டாக்டர் மெதுவாக வேலைக்குப் போகலாம் என்றுதான் சொல்லியிருந்தார். கயல்விழி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"வண்டி ஓட்டுங்க, நான் வேணாங்கல. ஆனா என் கை சோத்தைத் தவிர வேற எதையும் வாயில வைக்கக் கூடாது."

"சரி கயலு."

"மகமேல சத்தியமா?"

"கவிப்ரியாவ எதுக்கு இழுக்குற? சரின்னுட்டேன்ல."

விடியும் முன்பே எழுந்து சமைத்து மூன்றடுக்குக் கேரியரில் போட்டுக் கொடுத்தாள். முதல் இரண்டு நாள் கேரியர் காலியாக வந்தது. மூன்றாம் நாளிலிருந்து அப்படியே திரும்பி வந்தது. கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒருநாள் என் முன்னாலேயே கயல்விழி விடாமல் கேட்டபோது வெடித்தான்.

"உனக்கு வயக்காட்டு விவகாரம் தெரியாது. மொத நாளு நான் கேரியரைத் திறந்ததுமே வயலுக்காரர் மூஞ்சி செத்துப் போச்சு. 'என்ன பரிதி, எங்க மேல எதுவும் வருத்தமா? வாடகை பேசினதுல மனசு சரியில்லையா?'ன்னு கேக்குறாரு. அன்னைக்குப் பூரா வரப்புலயே நின்னு நான் கத்தியைத் தூக்குறேனா தாழ்த்துறேனான்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. நான் ஓட்டின இத்தனை வருசத்துல என் பின்னாடி நின்னு எவனும் காவல் பாத்ததில்ல, கயலு."

இதுதான் எங்கள் டெல்டாவின் லட்சணம். சொந்தச் சோறு கொண்டுவந்த டிரைவர் ஏதோ கறுவிக்கொண்டு வந்திருக்கிறான், நெல்லைச் சிந்தப்போகிறான் என்று அர்த்தம். கொடுத்ததைத் தின்றால் யோக்கியன். தன் அறுப்பின்மேல் ஒரு சொல் வரக்கூடாது என்பதற்காக என் தம்பி தின்றான். அவனுக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவனைக் குழிக்குள் தள்ளினார்கள்.

"நெஞ்சுல கம்பி வச்சிருக்குன்னு சொல்ல வேண்டியதுதானேடா!" என்று கத்தினேன்.

"சொன்னா வண்டி குடுப்பாங்களாக்கா? பாதி வயல்ல விழுந்துட்டான்னா நமக்கு வம்புன்னு வேற ஆளைத்தான் தேடுவாங்க."

மறுநாள் மத்தியானம் கயல்விழி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "அண்ணி, வண்டியை எடுங்க" என்றாள். என் மொபெட்டில் இரண்டு பேரும் போனோம். அன்றைக்கு அறுப்பு வைத்தியலிங்கம் ஐயா வயலில். எங்கள் ஊரில் பெரிய பண்ணை, தங்கமான மனிதர், யார் வீட்டு நல்லது கெட்டதுக்கும் முதல் ஆளாக வருவார். பரிதிக்கு ஸ்டென்ட் வைத்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்த ஒரே வயலுக்காரரும் அவர்தான். அதனால் அவரிடம் மறைக்க ஒன்றும் இல்லை, அவர் புரிந்துகொள்வார் என்று கயல்விழி நம்பினாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மிஷின் நின்றிருந்தது. மோட்டார் கொட்டகை நிழலில் ஐயா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அப்போதுதான் தன் சாப்பாட்டைப் பிரித்திருந்தார். எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளைச் சம்பாச் சோறு, வாழைத்தண்டுக் கூட்டு, கீரை மசியல், உப்பில்லாத மோர். அவருக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் திருச்சியில் பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. அதிலிருந்து அவருடைய மருமகள் பிரகதீஸ்வரி எண்ணெயைக் கரண்டியால் அளந்துதான் ஊற்றுகிறாள் என்று ஊருக்கே தெரியும். அவர் சாப்பாட்டுக்கென்றே தனியாக இரண்டு மா நிலத்தில் மருந்தடிக்காத நெல் போட்டிருந்தார்.

பரிதி நாலடி தள்ளி வைக்கோல்மேல் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் மஞ்சள் பை. இலையில் சால்னாவில் ஊறிய பரோட்டா, பக்கத்தில் பொரித்த கோழி, கறுப்புக் கலர் சோடா பாட்டில். எங்களைப் பார்த்ததும் அவன் கை பாதியில் நின்றது.

கயல்விழி நேராக ஐயாவிடம் போய் நின்றாள்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. அவருக்கும் நெஞ்சுல பிரச்னைன்னு உங்களுக்குத் தெரியும்தானுங்க?"

"தெரியும்மா. நானே வந்து பாத்தேனே. அதான் இன்னைக்குப் பிரியாணி வேண்டாம்னு சொல்லிட்டு, அதிக மசாலா இல்லாம பரோட்டாவா வாங்கியாரச் சொன்னேன்."

எனக்கு எதையாவது எடுத்து அடிக்கலாம் போல இருந்தது. கயல்விழி மட்டும் குரலை உயர்த்தவில்லை.

"நீங்க சாப்பிடுற சாப்பாடு இருக்குல்லங்க, அதையே அவருக்கும் போடுங்க. ஒரு கரண்டி சோறு, கொஞ்சம் கீரை. அது போதும். இல்லன்னா நான் கொண்டாந்ததைச் சாப்பிடச் சொல்லி உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா மத்த வயலுக்காரங்களும் கேப்பாங்க."

அவர் சங்கடத்தில் நெளிந்தார். தன் தட்டைப் பார்த்தார், பரிதியின் இலையைப் பார்த்தார்.

"அது எப்படிம்மா? மிஷின் டிரைவருக்குக் கீரையும் மோரும் போட்டு அனுப்பினாருன்னு தெரிஞ்சா ஊரு என்னைப் பத்தி என்ன பேசும்? அடுத்த போகத்துக்கு எவன் என் வயல்ல வண்டியை இறக்குவான்? நான் நோயாளி, எனக்குத் தலையெழுத்து. உழைக்கிற பிள்ளை, ருசியா நாலு வாய் சாப்பிட வேண்டாமா?"

நோயாளி அவர், உழைக்கிற பிள்ளை என் தம்பி. இரண்டு பேர் நெஞ்சுக்குள்ளும் ஒரே நோய். ஆனால் நிலம் வைத்திருப்பவரின் நெஞ்சுக்குக் கீரை, வண்டி ஓட்டுகிறவன் நெஞ்சுக்கு மைதா. இதில் அவருக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. மனசாரச் சொன்னார், முகத்தில் அவ்வளவு பிரியம்.

நான் வாயைத் திறப்பதற்குள் பரிதி எழுந்துவிட்டான்.

"கயலு, வீட்டுக்குப் போ."

"நீங்க இதைச் சாப்பிட்டா நான் போறேன்" என்று அவள் கேரியரை நீட்டினாள்.

"வயக்காட்டுல வந்து மானத்தை வாங்காத. அக்கா, இவளைக் கூட்டிட்டுப் போ."

சொல்லிவிட்டு உட்கார்ந்து, எங்கள் கண்ணெதிரே பரோட்டாவைப் பிய்த்து வாயில் போட்டான். மென்று விழுங்க முடியாமல் பாட்டிலைத் திறந்து குடித்தான். ஐயா நிம்மதியாகத் தன் கீரையைப் பிசையத் தொடங்கினார். அவன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, செத்தவன் என்றுகூடப் பார்க்காமல் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். பெண்டாட்டி முன்னால் மானம் போவதைவிட வயலுக்காரர் முன்னால் மானம் போவது பெரிதாகப் போய்விட்டது அவனுக்கு.

திரும்பி வரும்போது கயல்விழி பின்னால் உட்கார்ந்து கேரியரை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள். வழியெல்லாம் அழுதாள். அதற்குப் பிறகும் அவள் சமைத்துக் கொடுப்பதை நிறுத்தவில்லை. சில நாள் யாரும் பார்க்காதபோது பாதி சாப்பிட்டிருப்பான் போலிருக்கிறது, கேரியர் எடை குறைந்து வரும். அன்றைக்கு மட்டும் அவள் முகம் தெளிவாக இருக்கும்.

மாசியில், அறுப்பு முடியும் தறுவாயில், வெண்ணாற்றுக்கு அந்தப்புறம் ஒரு வயலில் நடந்தது. மூன்று மணி வெயில். இந்தத் தடவை அவனுக்கே தெரிந்துவிட்டது. வண்டியை வரப்போரம் ஒதுக்கி, கத்தியைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, "என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறான். வயலுக்காரர் பாவம், பதறிப்போய்த் தன் காரிலேயே போட்டுக்கொண்டு பறந்தார். தஞ்சாவூர் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

சாவுக்கு வந்தவர்கள் பேசியதை எல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தேன். விதி என்றார்கள். கண் பட்டுவிட்டது என்றார்கள். அந்த மிஷின் ராசியில்லாதது, முன்பு ஓட்டியவனுக்கும் கால் ஒடிந்தது என்றார்கள். வண்டி ஆட்டத்தில் ஸ்டென்ட் நகர்ந்திருக்கும் என்று ஒருவர் என்ஜினியர் மாதிரி விளக்கினார். நாள் தவறாமல் அவன் வாய்க்குள் போனதைப் பற்றி ஒரு ஆள் பேசவில்லை. பேசிக்கொண்டே பந்தலில் உட்கார்ந்து வடையும் டீயும் சாப்பிட்டார்கள்.

எட்டாம் நாள் படையல். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். கயல்விழி அன்றைக்குத்தான் படுக்கையை விட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். முருங்கைக்கீரை, பாசிப்பயறு, வாழைத்தண்டு என்று அவன் விரும்பியதைத் தன் கையால் செய்து, அவன் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் பரிமாறினாள். கவிப்ரியா விளக்கேற்றினாள்.

அப்போது வைத்தியலிங்கம் ஐயா வந்தார். அவருக்குப் பின்னால் பரிதி அறுத்துக் கொடுத்த வயலுக்காரர்கள் வேறு சிலரும். ஐயா கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கையில் மஞ்சள் பை. பைபாஸ் கடைப் பார்சல். சால்னா வாசனை கூடம் முழுக்கப் பரவியது.

"இலையில இதையும் வச்சிரும்மா. பரிதிக்கு ரொம்பப் பிடிக்கும்."

கயல்விழி பையை வாங்கவில்லை.

"அவருக்குப் பிடிக்கும்னு யாருங்க ஐயா சொன்னது?"

"என் வயல்ல எத்தனை வருசமா சாப்பிட்டிருக்கான்..."

"அவரா என்னைக்காவது உங்ககிட்ட இது வேணும்னு கேட்டிருக்காருங்களா?"

அவர் யோசித்தார். பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். கயல்விழி அவர் கையிலிருந்த பார்சலை வாங்கிப் பிரித்தாள். படத்துக்கு முன்னால் வைக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் ஒரு தட்டை எடுத்து அதில் பரோட்டாவை வைத்து, சால்னாவை முழுக்க ஊற்றி, அவரிடம் நீட்டினாள்.

"அவரு சாப்பிட மாட்டாருங்க. அவருக்காக நீங்க சாப்பிடுங்க."

"ஐயையோ, எனக்கு இதெல்லாம் ஆகாதும்மா. டாக்டர் தொடவே கூடாதுன்னு..." என்று வேகமாகத் தொடங்கியவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கயல்விழி நீட்டிய கையை இறக்கவில்லை.

"அவருக்கும் டாக்டரு அதையேதாங்க ஐயா சொன்னாரு."